ஆறில் ஒன்றும் நூற்றுக்கு முப்பதும்

தமிழ் மேடைகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் நெடுநாளாக வழங்கிவரும் ஒப்பீடு ஒன்றுண்டு. பண்டைத் தமிழ் வேந்தர் விளைவில் ஆறில் ஒரு பங்கையே இறையாகக் கொண்டனர். இக்கால அரசுகளோ நூற்றுக்கு முப்பதும் நாற்பதும் கொள்கின்றன. ஆதலின் அக்காலமே பொற்காலம் என்பது அதன் சாரம். அதனோடு உலக நாடுகளின் வரிப்பட்டியல் ஒன்றும் இப்போது சேர்ந்துகொண்டது. மலேசியாவின் உச்ச வருமான வரி 2020 கணக்காண்டு முதல் நூற்றுக்கு 30. சிங்கப்பூரில் அது 2024 முதல் 24. இந்தியாவில் மேல்வரி நீங்கலாக 30. டென்மார்க்கில் பொருள்களின்மீது விழும் மதிப்புக் கூட்டு வரி மட்டுமே 25. இவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டால், எந்நாடு குடிகளை வாழவைக்கிறது, எந்நாடு வாட்டுகிறது என்று மாணவர் அக்கணமே தீர்ப்புக் கூறிவிடுவர்.

ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்தை அடுத்துள்ள பாகான் டாலாம் போன்ற ஊர்களில் இத்தீர்ப்பு பள்ளிப்பாடத்தோடு நின்றுவிடுவதன்று. பினாங்கு 1786-இல் ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது முதல் சுங்கமில்லாத் துறை என்று பெயர் பெற்றது. இடையிலே சில காலம் தீர்வை விதிக்கப்பட்டதுண்டெனினும் அப்பெயர் 1969 வரை நின்று நிலவிற்று. அப்புகழைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு வரி இல்லாமையே வாழ்வு எனத் தோன்றுதல் எளிது. சங்கப் பாட்டையும் குறளையும் அதற்குச் சான்றாகக் காட்டிவிட்டாலோ, ஐயம் எழுதற்கும் இடமில்லை. ஆனால் அந்நூல்கள் அவ்வாறு கூறுகின்றனவா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

ஆறில் ஒன்று என்னும் அளவு திருக்குறளின் மூலத்தில் இல்லை. இல்வாழ்க்கை அதிகாரத்தில் தென்புலத்தார் முதலாகத் தான் ஈறாக ஐவரை ஓம்புதல் கூறப்படுகிறது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், இவ்வைந்து பகுதியும் இல்வாழ்வானுக்கு வேண்டுதலின் அரசனுக்கு உரியது ஆறில் ஒன்றாயிற்று என்று ஒரு காரணம் காட்டினார். வள்ளுவர் எண்ணியவை ஐந்து. ஆறாவதை வைத்தவர் உரையாசிரியர். ஆறில் ஒன்று என்னும் கூறு வடமொழி அறநூல்களில் நன்கு வேரூன்றியது. அங்கும் அது மாறா அளவன்று. மனுநூல் நிலத்தின் தன்மைக்கேற்ப விளைவில் ஆறில் ஒன்றும் எட்டில் ஒன்றும் பன்னிரண்டில் ஒன்றும் கூறுகிறது. கௌடலியரோ அரசு முட்டுப்பட்ட காலத்தில் மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் வேண்டிப் பெறலாம் என்கிறார். உரையாசிரியரின் விளக்கம் நயமுடையது; குடும்பத்தின் செலவை முதலில் எண்ணி, எஞ்சியதே அரசுக்கு என்னும் கருத்து அதனுள் அடங்கியுள்ளது. ஆனால் அதனை வள்ளுவர் விதித்த வரிவீதம் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல் பிழையாகும்.

வீதம் அதுவேயென்று கொண்டாலும் ஒப்பீடு நில்லாது. ஆறில் ஒன்று மொத்த விளைவின் பங்கு. இக்கால வருமான வரி செலவும் கழிவும் போக நின்ற தொகையின் பங்கு. ஓர் உழவன் 60 கலம் நெல் காண்கிறான் என்க. விதை, எருது, நீர், ஆட்கூலி என 30 கலம் செலவாகிவிடின் அவன் வருமானம் 30 கலமே. அரசன் கொள்ளும் ஆறில் ஒன்றோ 60 கலத்துக்கு 10 கலம். ஆகவே வருமானத்தை நோக்க அது மூன்றில் ஒன்று, நூற்றுக்கு முப்பத்துமூன்று. மேடையில் இகழப்படும் நூற்றுக்கு முப்பதைவிட அது மிகுதி! மழை பொய்த்து 40 கலமே விளைந்து, செலவு அதே 30 கலமாக நின்றால், வருமானம் 10 கலம், இறை ஏறக்குறைய 7 கலம் என்றாகும். வீதம் மாறவில்லை, உழவன் வீட்டுக் குதிர் மட்டும் காலியாகிவிட்டது.

மறுபுறம், நூற்றுக்கு முப்பது என்பதும் பார்க்கத் தோன்றும் அளவினதன்று. மலேசியாவில் வரிக்குரிய வருமானம் 20 லட்சம் ரிங்கிட்டைக் கடந்தவர்க்கு, கடந்த பகுதியின்மீது மட்டுமே அது விழும். கழிவுகளெல்லாம் போக வரிக்குரிய வருமானம் 60,000 ரிங்கிட் உடைய ஒருவரைக் கொள்க. 2023 கணக்காண்டின் படிநிலைப்படி முதல் 5,000-க்கு வரியில்லை; அடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 1; அதற்கடுத்த 15,000-க்கு 3; பின்னும் 15,000-க்கு 6; எஞ்சிய 10,000-க்கு 11. முறையே 150, 450, 900, 1,100 ஆக, கூடுதல் 2,600 ரிங்கிட். அவர் வரிக்குரிய வருமானத்தில் அது நூற்றுக்கு நான்கே கால், நான்கரை அளவே. இக்கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். பட்டியலிலுள்ள 30 என்னும் எண்ணுக்கும் இவருக்கும் தொடர்பே இல்லை.

கல்வெட்டுகளைப் புரட்டினாலோ ஆறில் ஒன்று என்னும் எளிமை முற்றும் கலைந்துவிடுகிறது. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் நிலவிறையோடு தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், குசக்காணம், பாடிகாவல், உல்கு எனப் பல ஆயங்கள் பேசப்படுகின்றன. திருமணத்துக்குக் கண்ணாலக்காணம், கள்ளிறக்குவோர்க்கு ஈழம்பூட்சி. நெல்லாகவும் காசாகவும் தர இயலாத உழைப்பும் வெட்டி என்னும் பெயரால் இறையாயிற்று. இன்று பயனற்ற உழைப்பை வெட்டிவேலை என்று கூறும் வழக்கில் அச்சொல் வாழ்கிறது. வரலாற்றறிஞர் தொகுத்த சோழர்காலச் சொற்றொகுதியில் வரிப்பெயர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒரே ஊரில் எல்லாம் ஒருங்கே கொள்ளப்பட்டன என்பதன்று. காலமும் இடமும் வேறுபடும். ஆயினும் ஒரு பின்னத்தை எடுத்துக்கொண்டு ஒரு பேரரசின் வரியை அளந்துவிட இயலாது என்பதற்கு அவை போதிய சான்று.

இனிப் புறநானூற்றுக்கு வருவோர் 184-ஆம் பாட்டையே முதலிற் காண்பர். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய செவியறிவுறூஉ அது. சிறு நிலத்து விளைந்த நெல்லையும் அறுத்துக் கவளமாக்கித் தந்தால் யானைக்குப் பலநாள் உணவாகும்; யானை தானே வயலுட் புகுந்துவிட்டால் நூறு செய் நிலமும் அதற்குப் போதாது, வாயுட் செல்வதினும் காலடியில் அழிவதே மிகுதி என்பது உவமை. வரி கொள்ளும் நெறியறிந்த அரசன் கோடிப் பொருள் பெறுவான், நாடும் தழைக்கும். நெறியறியாது, ஆரவாரிக்கும் சுற்றத்தோடு குடிகளின் அன்பு கெடக் கொள்பவன் தானும் உண்ணான், உலகும் கெடும் என்று புலவர் முடிக்கிறார்.

இப்பாட்டைக் குறைந்த வரிக்குச் சான்றாகக் காட்டுவோர் அதனைப் பாதியே படித்தவராவர். இதில் வீதம் என ஒன்றுமில்லை. வரி குறைக எனவும் புலவர் கூறவில்லை. கோடி பெறலாம் என்றே ஆசை காட்டுகிறார். அவர் பிரித்துக் காட்டுவது வாயையும் காலையும். கருவூலத்துக்குப் போய்ச் சேர்வது வாயுட் சென்றது. கொள்ளும் முறையால் குடிக்கு நேரும் அழிவு காலடியிற் பட்டது. வரிவீதப் பட்டியல் என்பது வாயின் அளவைக் கூறுமேயன்றிக் காலின் அளவைக் கூறாது. 1776-இல் ஆடம் ஸ்மித் வரிக்கு வகுத்த நான்கு நெறிகளுள் இறுதியானது, மக்களிடம் எடுப்பதற்கும் கருவூலத்தை அடைவதற்கும் இடையே உள்ள வேறுபாடு இயன்றவரை சிறிதாதல் வேண்டும் என்பது. ஸ்மித் வரித்தண்டலரின் கூட்டத்தையும் அவர் தரும் தொல்லையையும் அதன்கீழ்ப் பேசுகிறார். பிசிராந்தையார் அரசனைச் சூழ்ந்த சுற்றத்தின் ஆரவாரத்தைப் பேசுகிறார். பொருளியல் நூலார் பல ஏடுகளில் விரிப்பதை ஒரு யானையின் காலடியில் வைத்துவிட்ட ஆற்றலே பாட்டின் சிறப்பு.

இதனோடு சேர்த்துப் படிக்கத்தக்கது 35-ஆம் பாட்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் வெள்ளைக்குடி நாகனார் பாடி, பழைய செய்க்கடனை வீடு பெற்றார் என்பது அதன் அடிக்குறிப்பு. போர்வெற்றியும் உழுபடையின் விளைவே என்று அரசனுக்கு உணர்த்தி, நிலுவை வரியைத் தள்ளச் செய்தார் புலவர். அங்கும் சிக்கல் வீதத்தைப் பற்றியதன்று. விளையாத ஆண்டிலும் நின்று துரத்தும் கடனைப் பற்றியது. மேலே 40 கலம் விளைந்த உழவனின் துன்பமே அது.

காலடி வாயினும் கொடிது என்பதற்கு அண்மைக் காலத்தில் இரண்டு நாடுகள் சான்றாயின. இந்தியாவில் 1973-74-இல் வருமான வரியின் உச்சவீதம் மேல்வரியும் சேர 97.75. உலகப் பட்டியலில் அதனை மிஞ்சக் கூடியது அரிது. ஆயின் கருவூலம் அதற்கேற்ப நிரம்பவில்லை. வரி ஏய்ப்புக்கு உயர்வீதமே ஒரு பெருங்காரணம் என்று வாஞ்சூ குழு 1971-லேயே அறிக்கை தந்து, வீதத்தை 75-க்குக் குறைக்கவும் கூறியிருந்தது. பின்வந்த ஆண்டுகளில் வீதம் படிப்படியாக இறக்கப்பட்டது. யானை வயல் முழுதும் மிதித்தது. தான் உண்டது சிறிதே.

மலேசியாவின் கதை இதற்கு மறுதலை. 2015 ஏப்ரல் 1-இல் வந்த பொருள் சேவை வரியின் வீதம் 6 மட்டுமே. அப்போது சிங்கப்பூரில் அது 7, டென்மார்க்கில் 25. பட்டியலைப் பார்ப்பவர் இவ்வளவு சிறிய வரிக்கு இவ்வளவு கூக்குரலா என்று வியப்பர். அரிசி போன்றவற்றுக்கு அவ்வரி விழாதவாறும் செய்யப்பட்டிருந்தது. ஆயினும் கடைச்சீட்டு ஒவ்வொன்றிலும் அது தனி வரியாக அச்சாகி நின்றது. விலையேற்றம் முழுவதும் அதன்மேல் ஏற்றிப் பேசப்பட்டது. முன்கட்டிய வரி திரும்பி வரத் தாமதம் என்று வணிகர் முறையிட்டனர். கொடுத்ததற்கு ஈடாக என்ன கிடைத்தது என்னும் கேள்விக்குக் குடிகள் மனங்கொள்ளும் விடை வரவில்லை. 2018 மே மாதத் தேர்தலில் அது பெரும்பொருளாயிற்று. ஆட்சி மாறி, சூன் 1 முதல் வீதம் சுழியமாக்கப்பட்டு, செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை, சேவை வரிகளே திரும்பின. அச்சேவை வரி 2024 மார்ச்சில் பல இனங்களுக்கு 6-லிருந்து 8 ஆக உயர்ந்தது. அன்பு கெடக் கொள்வது என்று பிசிராந்தையார் கூறியது அளவைப் பற்றியதன்று என்பதை 6 என்னும் எண்ணே விளக்கிவிட்டது.

நாடுகளை ஒப்பிடுதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமெனின் அது குறளிலேயே உள்ளது. ஆனால் ஆறில் ஒன்றில் இல்லை, இறைமாட்சி அதிகாரத்தில் உள்ளது. பொருள் வரும் வழிகளை இயற்றுதல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததை வகுத்துச் செலவிடுதல் என அரசின் தொழில் அங்கு நான்காகப் பேசப்படுகிறது. வரிவீதம் இவற்றுள் இரண்டாவதன் ஒரு கூறு மட்டுமே. முதலாவதையும் நான்காவதையும் விடுத்து இரண்டாவதை மட்டும் நாட்டுக்கு நாடு ஒப்பிடுதல், வீட்டின் வாடகையை மட்டும் கேட்டு, கூரை உண்டா என்று கேளாதது போன்றது.

புருணையில் தனியாள் வருமான வரியே இல்லை. அதன் அரசு அறத்தால் மிக்கது என்று அதனாற் கொள்ளலாகாது. பொருள்செயல்வகையில் வள்ளுவர் உறுபொருள், உல்குபொருள், பகைவர் திறைப்பொருள் என அரசின் வருவாயை மூன்றாக்குகிறார். உறுபொருள் என்பதற்கு, வைத்தவர் இறந்துபோக நெடுங்காலம் நிலத்தினுள் கிடந்து பின் கண்டெடுக்கப்பட்டதும் அடங்கும் என்று பரிமேலழகர் உரை கூறுகிறார். வைத்தவர் இல்லாமலே நிலத்தடியிற் கிடந்த எண்ணெய்க்கு இதனினும் பொருந்திய பெயர் தமிழில் தேடினும் கிடையாது! மலேசிய அரசும் 1974-இல் தோன்றிய பெட்ரோனாஸ் தரும் பங்கினால் தன் வரியைக் குறைவாகக் காட்ட முடிகிறது. நாட்டு உற்பத்தியில் கூட்டரசு கொள்ளும் வரி நூற்றுக்கு 12, 13 அளவிலேயே நின்றது. டென்மார்க்கில் எல்லா வரியும் சேர 40-ஐக் கடக்கும். ஆனால் அங்கு மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் குடிமகன் தனியே பணம் கட்டுவதில்லை. மலேசியத் தொழிலாளியின் ஊதியத்தில் 11 விழுக்காடு சேமநிதிக்கும், சிங்கப்பூரில் 55 வயதுக்குட்பட்டவரிடம் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்கும் கழிகிறது. அவை அவரவர் பெயரிலேயே நிற்கும் பணமாதலின் வரியெனப்படுவதில்லை. ஆயினும் டென்மார்க்கில் வரியாகப் போய் முதுமைக்கு உதவுவதன் பெரும்பங்கு இங்கே சேமநிதியாகப் போகிறது. அரிசிக்கும் இதுவே கணக்கு. சிங்கப்பூரில் 2024 முதல் 9 விழுக்காடான வரி அரிசியின்மேலும் விழும். வறியவர்க்கு அரசு வேறு வழியாக ஈடு தருகிறது. ஓர் எண்ணை மட்டும் எடுத்தால் இவையெல்லாம் மறைந்துவிடும்.

வரி தவிர்த்தலும் இவ்வாறே முழுமையாக நோக்கத்தக்கது. முதற் குலோத்துங்கன் சுங்கந்தவிர்த்த சோழன் என்று கல்வெட்டிற் புகழப்பட்டவன். அவன் ஆட்சியின் பதினாறாம் ஆண்டாகிய 1086-இல் நிலம் அளக்கப்பட்டது. இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்த டூம்ஸ்டே ஏடும் அதே ஆண்டினது என்பது வரலாற்றறிஞர் சுட்டிய வியப்பு. துறையில் சுங்கம் நீங்கிற்று. வயலில் அளவுகோல் விழுந்தது. வணிகன் வாழ்த்தியிருப்பான், உழவன் என்ன கூறினான் என்பது மெய்க்கீர்த்தியில் இல்லை. அவன் காலத்திலேயே, 1090-ஐ ஒட்டி, கடாரத்தரசனின் தூதர் வேண்ட, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளின் ஊர்களுக்குச் சில வரிகள் நீக்கப்பட்டதை லெய்டன் சிறிய செப்பேடு கூறுகிறது. கடாரம் என்பது பாகான் டாலாமுக்கு வடக்கே அடுத்துள்ள கெடாவே. ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னரே இக்கரையார் அக்கரையில் வரிவிலக்குக் கேட்டுப் பெற்றனர். கேட்டுப் பெறும் ஆற்றல் உடையவர்க்கே அது வாய்த்தது.

பினாங்கின் சுங்கமில்லாப் புகழையும் இவ்வாறே உரசிப் பார்த்தல் வேண்டும். கப்பற் சரக்குக்குத் தீர்வை இல்லை. வருமானத்துக்கும் நெடுங்காலம் வரியில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் போர்வரி என ஒன்று வந்து போயிற்று. நிலையான வருமான வரி 1947-இல் இயற்றிய சட்டத்தால் 1948-இலேயே நடைமுறைக்கு வந்தது. அவ்வாறாயின் சாலையும் காவலும் நீதிமன்றமும் எதனால் நடந்தன? அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகையால் நடந்தன. ஏலத்தில் எடுத்த குத்தகையாளர் அரசுக்குத் தொகை கட்டிவிட்டு, நுகர்வோரிடம் அதனை ஈட்டிக்கொண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெடும்பகுதியில் தொடுவாய்க் குடியேற்றங்களின் வருவாயில் பாதியையொட்டி அபினியே தந்தது. 1910-இல் குத்தகை ஒழிந்து அரசே அவ்வணிகத்தை மேற்கொண்டது. மூட்டை சுமந்த சீனக் கூலி மாலையில் புகைத்த அபினியிலும், தமிழ்க்கூலி குடித்த சாராயத்திலும் ஆட்சிச் செலவு ஊறியது. பெருவணிகனுக்கு வீதம் சுழியம். கூலிக்கு வீதம் இன்னதென்று எந்தப் பட்டியலிலும் இல்லை. அது புட்டியின் விலைக்குள் இருந்தது. ஈழம்பூட்சி என்ற பழைய பெயர் கடல்தாண்டி வரவில்லை, பொருள் வந்துவிட்டது.

1969-இல் சுங்கமில்லாத் துறை என்னும் நிலை நீக்கப்பட்டபின், 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் எழுந்தது. அயல்நாட்டுக் குழுமங்களுக்கு வரிவிலக்கு ஆண்டுக்கணக்கில் தரப்பட்டது. வேலையும் ஆயிரக்கணக்கானோர்க்குக் கிடைத்தது. மலேசியாவில் குழும வரி 24 என்றும் சிங்கப்பூரில் 17 என்றும் பட்டியல் கூறும். விலக்குகளைக் கழித்துப் பார்த்தால் பெருங்குழுமங்கள் பல அவ்வளவு கட்டியதில்லை. அதனாலேயே உலக நாடுகள் பல கூடி, பெரும் பன்னாட்டுக் குழுமங்களுக்குக் கீழெல்லை 15 என்று வைத்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் 2025 முதல் அதனை மேற்கொண்டன.

இப்பகுதித் தமிழர் வரலாற்றில் வரியென்னும் பெயர் பெறாத வரி ஒன்றும் உண்டு. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளியைக் கொண்ட முதலாளி ஒவ்வொருவரும், தொழிலாளி உழைத்த நாட்களை எண்ணி அதற்கேற்ப அந்நிதிக்குத் தொகை கட்டினர். கட்டியவர் முதலாளி, அளவுகோலாக நின்றது தமிழன் உழைத்த நாள். கூலியாகப் போயிருக்கக்கூடிய பணத்தில் எவ்வளவு அந்நிதிக்குத் திரும்பிற்று என்பது வீதப் பட்டியலுக்குள் அடங்காத கேள்வி. அந்நிதி பெரிதும் செலவானது, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி அடுத்து வரவிருந்த தொழிலாளரின் வழிச்செலவுக்கு. ஆள் பெருகப் பெருகக் கூலி உயராது நின்றது. நாடு என்னும் அதிகாரத்தில், பிறநாட்டுச் சுமையெல்லாம் ஒருங்கே வந்து சேரினும் தாங்கி, இறை முழுதும் தருவதே நாடு என்று வள்ளுவர் கூறினார். வந்து சேர்ந்தவரின் உழைப்பையே எண்ணி இறையாக்கி, அதனைக்கொண்டு மேலும் ஆளழைத்த முறை அவர் கணக்கில் இல்லை. அந்நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி எனப் பெயர் மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது.